கரையில் நாம், நடுக்குளத்தில் படகு!
(ரிமோட் படகுக்கு டிரான்ஸ்மிட்டரும் ஆன்டெனாவும் தேர்ந்தெடுப்பது எப்படி?)



அறிவியல் மன்றத்தில் இந்த வருடம் ரிமோட் படகு செய்யப் போகிறோம் என்று அறிவித்ததில் இருந்து ஆளாளுக்கு என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எந்த ரிமோட் வாங்கலாம்? எது ரொம்ப தூரம் போகும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, இங்கே எழுதி ஒட்டிவிட்டால் எல்லோரும் படிக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். ரிமோட் கார் பாதி வழியில் நின்றுவிட்டால் நடந்து போய் எடுத்துக்கலாம். படகு நடுக்குளத்தில் நின்றால்? "நான் நீந்திப் போய் எடுத்துட்டு வரேன்டா" என்று யாராவது ஒருத்தன் இறங்குவான். கண்மாயில் சேறு எங்கே, மண் அள்ளிய பள்ளம் எங்கே என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதனால் படகுக்கு ரிமோட் தேர்ந்தெடுப்பது வெறும் பொம்மை விஷயம் இல்லை. சிக்னல் அறுந்து போகாமல் இருக்கணும். அறுந்தாலும் படகு ஒழுங்காக நிற்கணும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

★ டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் என்றால் என்ன?

நம் கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். படகுக்குள் இருப்பது ரிசீவர். நாம் ஸ்டிக்கை அசைத்தால் டிரான்ஸ்மிட்டர் அதை ரேடியோ அலையாக அனுப்புகிறது. ரிசீவர் அதைப் பிடித்து, சுக்கானைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பலகைக்கும் சொல்கிறது.

உலகுக்கு முதன்முதலாக ரேடியோவால் ஒரு பொருளை ஓட்டிக் காட்டியது காரிலோ விமானத்திலோ இல்லை, படகில்தான்! 1898-ல் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறிய படகைக் கம்பியே இல்லாமல் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. நாம் செய்யப் போவது 125 வருடத்துக்கும் மேற்பட்ட பழைய வித்தை.

★ எத்தனை சேனல் வேணும்?

கடையில் 6 சேனல், 10 சேனல் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்ததும் ஆசை வரும். சேனல் என்பது நாம் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை, அவ்ளோதான். படகுக்கு இரண்டு போதும்: ஒன்று சுக்கான், இன்னொன்று வேகம். விளக்கு எரியவோ தண்ணீர் பீய்ச்சவோ ஆசைப்பட்டால் மூன்றாவது, நான்காவது. சேனல் அதிகமானால் தூரம் அதிகமாகும் என்று நினைப்பது தப்பு. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

வடிவத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு ஸ்டிக் இருக்கும். இன்னொன்று துப்பாக்கி மாதிரி, பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் வைத்தது. இரண்டுமே படகுக்கு ஒத்துவரும். வாங்குவதற்கு முன்னால் கையில் பிடித்துப் பாருங்கள், எது கைக்கு அடக்கமோ அதுவே சரி.

★ 27-ஆ, 40-ஆ, 2.4-ஆ?

இதுதான் முக்கியமான கேள்வி. பழைய பொம்மைகளில் 27 மெகா ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். 40 மெகா ஹெர்ட்ஸ் செட்டுகளும் உண்டு. இப்போது வருபவை பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ், அதாவது 2400 மெகா ஹெர்ட்ஸ்.

அறிவியல் பாடத்தில் படித்ததுதான். 300-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும்.

27 மெகா ஹெர்ட்ஸ் – சுமார் 11.1 மீட்டர்
40 மெகா ஹெர்ட்ஸ் – 7.5 மீட்டர்
2400 மெகா ஹெர்ட்ஸ் – 0.125 மீட்டர், அதாவது 12.5 செ.மீ.

ஒரு நல்ல சாதாரண ஆன்டெனா அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருக்கணும். 27-க்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் வருகிறது. நம் படகே அரை மீட்டர்தான்! அதனால் அந்த செட்டுகளில் நீளத்தைக் குறைத்து, ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்து ஈடு கட்டியிருப்பார்கள். 2.4-க்குக் கால் பங்கு 3.1 செ.மீ.தான். சுண்டுவிரலை விடச் சிறியது.

27, 40 செட்டுகளில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு பேர் ஒரே அலைவெண்ணில் ஒரே குளத்தில் ஓட்டினால், என் ஸ்டிக்குக்கு உன் படகு திரும்பும். அதனால் ஆளுக்கு ஒரு தனி கிரிஸ்டல் போட்டு, யார் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஓட்டணும். 2.4-ல் இந்தக் கவலை இல்லை. ரிசீவரை முதலில் நம் டிரான்ஸ்மிட்டரோடு 'பைண்ட்' செய்துவிடுகிறோம். அதன் பிறகு அது நம் பேச்சை மட்டும்தான் கேட்கும். பல செட்டுகளில் அலைவெண்ணும் நொடிக்குப் பல தடவை தாவிக்கொண்டே இருக்கும்.

இந்த அலைவெண் தாவலுக்கும் தண்ணீருக்கும் பழைய உறவு. 1942-ல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். எதற்குத் தெரியுமா? ரேடியோவால் செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்பிவிடக் கூடாது என்பதற்காக!

இந்தியாவில் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005-ல் தனி உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது. ஆனால் "தூரம் போகணும்" என்று தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டாதீர்கள். அது விதிக்கும் சரியில்லை, நமக்கும் தேவையில்லை.

ஆக, புதிதாக வாங்கினால் 2 அல்லது 3 சேனல் உள்ள 2.4 செட் வாங்குங்கள். வீட்டில் பழைய 27 பொம்மைக் கார் கிடந்தால், அதன் உள்பாகத்தைக் கழற்றிச் சின்னத் தொட்டியில் பழகலாம். குளத்துக்கு வேண்டாம்.

★ அட்டைப்பெட்டியில் எழுதிய தூரத்தை நம்பலாமா?

அப்படியே நம்பக் கூடாது. அந்தத் தூரம் பெரும்பாலும் தடையில்லாத வெட்டவெளிக்குச் சொல்வது. தண்ணீரின் மேல் கதை வேறு.

நம் டிரான்ஸ்மிட்டரில் இருந்து அலை இரண்டு வழியாகப் படகுக்குப் போகிறது. ஒன்று நேராக. இன்னொன்று தண்ணீரில் பட்டுத் தெறித்து. தண்ணீர் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. தாழ்வாக வந்து தெறிக்கும் அலை தலைகீழாகப் புரண்டு விடும். ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள, மிச்சம் கொஞ்சம்தான். படகு தூரம் போகப் போக, ஆன்டெனா தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருக்க இருக்க, இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும்.

இதற்கு மருந்து என்ன? உயரம்! தோராயக் கணக்குப்படி, படகு ஆன்டெனாவின் உயரத்தை 4 மடங்கு ஆக்கினால் சிக்னல் எட்டும் தூரம் 2 மடங்கு ஆகும். தண்ணீரில் இருந்து 3 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவை 12 செ.மீ.க்கு ஏற்றிப் பாருங்கள். பைசா செலவில்லை. விலை கூடிய ரிமோட் வாங்குவதை விட இதில்தான் பலன் அதிகம். கரையில் நிற்கும் நாமும் படிக்கட்டில் கீழே இறங்காமல் மேல்படியில் நின்றால் இன்னும் நல்லது.

★ ஆன்டெனாவை எப்படி வைக்கணும்?

1. 2.4 ரிசீவரில் இருந்து ஒரு மெல்லிய கருப்பு ஒயர் வரும். அதன் நுனியில் உறை உரித்த மாதிரி சுமார் 3.1 செ.மீ. தெரியும். அந்தத் துண்டுதான் உண்மையான ஆன்டெனா. மற்றது வெறும் இணைப்பு ஒயர். நுனியை வெட்டவோ மடக்கவோ கூடாது.

2. ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றைப் படகின் மேல்தளத்தில் கொடிக்கம்பம் மாதிரி நட்டு, ஒயரை அதற்குள் விடுங்கள். அந்த 3.1 செ.மீ. துண்டு மேலே நேராக நிற்கட்டும். ஸ்ட்ராவின் வாயைப் பசை வைத்து அடைத்து விடுங்கள். தண்ணீர் உள்ளே போகாது.

3. இரண்டு ஆன்டெனா உள்ள ரிசீவராக இருந்தால் ஒன்றை நெட்டாகவும் மற்றொன்றைப் படுக்கையாகவும், 'ட' எழுத்தின் மூலை மாதிரி வையுங்கள். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று சிக்னலைப் பிடிக்கும்.

4. தெர்மாகோல், மரம், பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் எல்லாம் அலையை உள்ளே விடும். அலுமினியத் தகடும் கார்பன் ஃபைபரும் விடாது. அழகுக்காக வெள்ளிக் காகிதம் ஒட்டுகிறவர்கள் ஆன்டெனா பக்கத்தில் ஒட்டாதீர்கள்.

5. 27, 40 ரிசீவரின் நீள ஒயரைச் சுருட்டி உள்ளே திணிக்கக் கூடாது, வெட்டவும் கூடாது. கம்பத்தில் ஏற்றி நீட்டி விடணும். அந்த டிரான்ஸ்மிட்டரின் இழுப்பு ஆன்டெனாவை முழுசாக இழுங்கள். ஆனால் அதன் நுனியைத் துப்பாக்கி மாதிரி படகை நோக்கி நீட்டாதீர்கள். நுனி காட்டும் திசையில்தான் சிக்னல் ரொம்பக் குறைவு.

6. ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு, ஒயர்கள் வெளியே வரும் இடத்தில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர் தெறித்தாலும் கவலையில்லை.

7. மோட்டார் ஒயர் பக்கத்தில் ஆன்டெனா போகக் கூடாது. கார்பன் பிரஷ் மோட்டார் சுற்றும்போது உள்ளே சின்னச் சின்னப் பொறி பறக்கும். அதுவும் ரேடியோ இரைச்சல்தான். '104' என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டரை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே பற்ற வைத்தால் இரைச்சல் குறையும்.

இன்னொன்று. 2.4 அலை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர் போவதற்குள் செத்துவிடும். நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். எனவே ஓட்டுபவருக்கு முன்னால் கூட்டமாக நிற்காதீர்கள். ஈரமான நாணலுக்கும் ஆகாயத்தாமரைக்கும் பின்னால் படகை விடாதீர்கள்.

★ சிக்னல் அறுந்தால்?

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒரு நாள் அறுந்து போகலாம். டிரான்ஸ்மிட்டரில் பேட்டரி தீர்ந்தாலே போதும். அப்போது ரிசீவர் என்ன செய்யும்? சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் முழு வேகத்திலேயே போகும்! குளிப்பவர் மேல் மோதினால் என்ன ஆகும்?

இதற்காகத்தான் 'ஃபெயில்-சேஃப்' என்ற வசதி. சிக்னல் போனதும் மோட்டார் தானாக நின்றுவிடும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மீட்டர் போகும்?" இல்லை. "ஃபெயில்-சேஃப் இருக்கா?" என்பதுதான். மோட்டார் நின்ற படகைக் காற்று மெல்ல மெல்ல ஏதாவது ஒரு கரைக்குத் தள்ளிவிடும். நாம் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

சரிபார்ப்பது சுலபம். படகை ஒரு பெட்டியின் மேல் வைத்து, ப்ரொப்பல்லரைத் தொடாமல், மோட்டாரை மெதுவாகச் சுற்ற விடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ப்ரொப்பல்லர் சட்டென்று நிற்கணும். நிற்கவில்லை என்றால் கையேட்டைப் பார்த்து ஃபெயில்-சேஃபைப் பதிவு செய்யுங்கள். அதுவரை படகு தண்ணீரைத் தொடக் கூடாது. (சாதாரணமாக ஓட்டும்போது டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில்தான் அணைக்கணும். இது சோதனைக்கு மட்டும்!)

★ குளத்துக்குப் போகும் முன்

• பேட்டரி இரண்டு பக்கமும் முழுசா?
• மைதானத்தில் படகைத் தரையில் வைத்து, மோட்டார் ஓட ஓட, ஒருத்தர் தள்ளித் தள்ளிப் போய் சுக்கான் தடுமாறாமல் திரும்புகிறதா என்று பார்த்தாச்சா?
• முதல் ஓட்டத்துக்குப் படகின் பின்னால் மெல்லிய தூண்டில் நரம்பு கட்டியாச்சா? (ப்ரொப்பல்லரில் சுற்றாமல் மேல்தளத்தில் கட்டணும்.)
• பெரியவர் ஒருத்தர் கூட இருக்காங்களா?

▣ உங்களுக்குத் தெரியுமா? ▣
கடல் நீரில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். அதற்குள் 40 மெகா ஹெர்ட்ஸ் கூடப் போகாது. அப்படியானால் நிஜ நீர்மூழ்கிக் கப்பலுக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறார்கள்? மிக மிகக் குறைந்த அலைவெண்ணில்! அதற்கான இந்தியக் கடற்படை நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்குகிறது. அதன் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்.

நண்பர்களே, செய்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் கேளுங்கள். கடைசியாக ஒன்றே ஒன்று. படகு போனால் இன்னொன்று செய்துக்கலாம். தெர்மாகோலும் மோட்டாரும் எங்கேயும் கிடைக்கும். அதை எடுக்க மட்டும் யாரும் தண்ணீரில் இறங்காதீங்க.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
அறிவியல் மன்றம்