மடிக்கணினியில் செருகப்படும் அட்டைகள்: குறை காணும் முறை

மடிக்கணினியின் பக்கவாட்டில் அமைந்த பிளவில் அட்டை ஒன்றைச் செருகியும் அது இயங்காவிடில், அட்டையே பழுதுற்றது என்று முடிவு செய்வது பலரது வழக்கம். இம்முடிவு பல சமயங்களில் பிழையானதாகும். அட்டை புலப்படாமை வேறு. புலப்பட்டும் இயங்காமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாததால் நல்ல அட்டைகள் வீணே கழிக்கப்படுகின்றன.

இவ்வகை அட்டைகளுக்கான தன் முதல் தர நிர்ணயத்தை, 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்னும் சங்கம் 1990-இல் வெளியிட்டது. அட்டையின் அகலம் 54 மில்லிமீட்டர். அதன் இணைப்பு முனைகள் 68. தொடக்கத்தில் 16 பிட் அட்டைகளே இருந்தன. 32 பிட் கொண்ட ‘கார்ட்பஸ்’ 1995-இலும், அமைப்பில் முற்றிலும் வேறான ‘எக்ஸ்பிரஸ்கார்ட்’ 2003-இலும் வந்தன. புதிய மடிக்கணினிகளில் இப்பிளவு அரிது. எனினும் பழைய கருவிகளோடு இணைந்து இயங்கும் கணினிகளுக்கு இவ்வட்டைகள் இன்றும் தேவைப்படுகின்றன.

லினக்ஸ் இயங்கு முறையில் குறையைப் படிப்படியாக ஆராய்தல் வேண்டும்.

முதற்படி, தொடர்பு. அட்டையின் வருகையை அறிவிப்பதற்கென அமைந்த இரு ஊசிகள் ஏனையவற்றினும் குட்டையானவை. அட்டை முழுமையாக உட்புகுந்தால் மட்டுமே அவை தொடும். செருகிய உடனே ‘டிமெஸ்ஜி’ என்னும் ஆணையை இடின், கெர்னலின் குறிப்பேடு திரையில் தோன்றும். அதில் புதிய வரி எதுவும் இல்லையெனில், தூசி, வளைந்த ஊசி, பிளவை ஆளும் இணைப்புச் சில்லுக்குரிய இயக்கி ஏற்றப்படாமை ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

இரண்டாம் படி, அடையாளம். இங்கு அட்டையின் வகை முக்கியம். கார்ட்பஸ் அட்டை ‘எல்எஸ்பிசிஐ’ ஆணையின் பட்டியலில் தோன்றும். 16 பிட் அட்டை அப்பட்டியலில் ஒருபோதும் தோன்றாது. அதற்கு ‘பிசிகார்ட்சிடிஎல் ஐடென்ட்’ என்னும் ஆணை வேண்டும். எக்ஸ்பிரஸ்கார்டுகளுள் சில யு.எஸ்.பி. வழியே இயங்குவதால் ‘எல்எஸ்யுஎஸ்பி’ பட்டியலில் காணப்படும். தவறான பட்டியலைப் பார்த்து, அட்டை இல்லை என்று கூறுதல் பொருந்தாது. 2005-இல் வெளிவந்த 2.6.13 கெர்னலுக்கு முற்பட்ட வழிகாட்டிகள் ‘கார்ட்சிடிஎல்’ என்னும் பழைய ஆணையையே கூறுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

16 பிட் அட்டை தன் விவரங்களைத் தன்னுள்ளேயே ஓர் அட்டவணையாகத் தாங்கியுள்ளது. அதைப் படிக்க ஒதுக்கப்பட்ட நினைவக முகவரியை வேறொரு சாதனமும் கொண்டிருப்பின், விவரங்கள் சிதைந்து வரும். அம்முகவரிப் பகுதியை அமைப்புக் கோப்பில் விலக்கினால் குறை நீங்கும்.

மூன்றாம் படி, இயக்கி. பட்டியலில் அட்டை உள்ளது, ஆயினும் பயன் இல்லை என்றால், ‘எல்எஸ்பிசிஐ’ ஆணையோடு ‘கே’ என்னும் குறியைச் சேர்த்திடுக. எந்த இயக்கி அதனை ஏற்றுள்ளது என்பது தெரியவரும். இயக்கியின் பெயர் இல்லையெனில், பட்டியல் தரும் தயாரிப்பாளர் எண், சாதன எண் ஆகியவற்றைக் கொண்டு உரிய இயக்கியைத் தேடலாம்.

இறுதிப்படி, ஃபர்ம்வேர். கம்பியில்லாத் தொடர்பு அட்டைகள் பலவற்றுக்கு, இயங்குமுன் அட்டைக்குள் ஏற்றப்பட வேண்டிய நிரல் ஒன்று தேவை. அக்கோப்பு கணினியில் இல்லையெனில், அதன் பெயரைக் கெர்னலின் குறிப்பேடே பெரும்பாலும் சுட்டிவிடும்.

இந்நான்கு படிகளையும் கடந்த பின்னரும் இயங்காத அட்டையை மற்றொரு கணினியில் செருகிப் பார்த்தல் வேண்டும். அங்கும் அது இயங்காவிடில் மட்டுமே, அதனைப் பழுதுற்றதாகக் கொள்ளுதல் தகும்.