வெள்ளவத்தையின் முன்னாள் உறுப்பினர் எழுதிய அரசியலமைப்பு

2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளில் இருந்த லொட்ஜுகளுக்குள் பொலிஸார் நுழைந்தனர். வடக்கு, கிழக்கிலிருந்து வந்து தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று எல்லோருக்கும் கிடைத்த அவகாசம் மூட்டையைக் கட்டும் நேரம் மட்டுமே. கொழும்பில் இருப்பதற்கு அவர்களிடம் “தகுந்த காரணம்” இல்லை என்றது அரசு. அன்று 376 பேர் தலைநகரை விட்டு அனுப்பப்பட்டனர்.

அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்திருந்தது. பலர் திரும்ப அழைத்துவரப்பட்டனர். பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

பஸ்களை நிறுத்தியது எந்தத் தலைவருடைய நல்ல மனமும் அல்ல. அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்த சில வரிகளும், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு நீதிமன்றமும் இருந்ததுதான். அப்படியான வரிகளை யார் எழுதுகிறார்கள், யார் அழிக்கிறார்கள் என்பது நமக்கு வெறும் சட்டப் பாடம் அல்ல. புதிய அரசியலமைப்பு பற்றி மீண்டும் பேசப்படும் இக்காலத்தில், ஒரு பழைய கதையை நினைவுபடுத்துவது பயன் தரும். அதுவும் வெள்ளவத்தையோடு தொடர்புடைய கதைதான்.

1956: எச்சரித்தவர்

சுதந்திரத்துக்கு முந்திய 1947 பொதுத்தேர்தலில் வெள்ளவத்தை – கல்கிசைத் தொகுதியில் வெற்றி பெற்றவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், நாடறிந்த வழக்கறிஞர். 1952 இல் தோற்று, 1956 இல் அதே தொகுதியில் மீண்டும் வென்றார்.

அந்த ஆண்டு ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். சபைக்குள் சட்டத்தை எதிர்த்தவர்களில் தமிழ் உறுப்பினர்களோடு சமசமாஜக் கட்சியும், மத்திய கொழும்பின் பீற்றர் கெனமன் முதலான கம்யூனிஸ்டுகளும் இருந்தனர். இரு மொழிகளை ஏற்றால் ஒரு நாடு இருக்கும், ஒரு மொழியை மட்டும் திணித்தால் இரு நாடுகள் உருவாகும் என்று கொல்வின் அன்று எச்சரித்தார். தமிழ் மேடைகளில் இன்றுவரை எடுத்துச் சொல்லப்படும் எச்சரிக்கை அது. சட்டம் 66க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

29ஆம் பிரிவும் ஒரு எழுதுவினைஞரும்

அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமாக, அல்லது மற்றவர்களுக்கு இல்லாத சலுகை அளிப்பதாக நாடாளுமன்றம் சட்டம் செய்ய முடியாது. செய்தால் அது செல்லாது என்பது அதன் சாரம்.

இந்தக் காவல் பலமானது அல்ல. 1948, 1949 சட்டங்களால் மலையகத் தமிழர்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தபோது அது அவர்களைக் காப்பாற்றவில்லை. லண்டன் பிரிவிக் கவுன்சில் 1953 இல் அச்சட்டங்கள் செல்லும் என்றது. ஆனால் கதவு முழுதாக மூடியிருக்கவில்லை.

கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞர் அந்தக் கதவைத் தட்டினார். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962 இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கூறி உயர் நீதிமன்றம் 1967 இல் அத்தீர்ப்பை மாற்றியது. அந்தக் காரணம் தவறு என்ற பிரிவிக் கவுன்சில், 1969 டிசம்பரில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற முதன்மைக் கேள்விக்கு இனி இலங்கை நீதிமன்றம் விடை சொல்ல வேண்டியிருந்தது. அந்த விடை வரவே இல்லை.

1972: எழுதியவர்

இடையில் இடதுசாரிகள் மாறியிருந்தனர். 1964 இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. 1966 ஜனவரியில், தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை டட்லி சேனநாயக்க அரசு கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து வீதிக்கு இறங்கியவர்களோடு சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் நின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழுக்காக வாக்களித்த அதே கட்சிகள் இவை.

1970 மே தேர்தலில் ஐக்கிய முன்னணி 116 ஆசனங்களை வென்றது. புதிய அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பு, அரசியலமைப்பு விவகார அமைச்சரான கொல்வின் ஆர். டி சில்வாவிடம் வந்தது. அரசியல் நிர்ணய சபை கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் கூடியது. தமிழரசுக் கட்சி முதலில் பங்கேற்றது. சமஷ்டித் திருத்தம் தோற்றது. மொழி பற்றிய திருத்தங்களும் ஏற்கப்படாதபோது, 1971 ஜூனில் அக்கட்சி வெளியேறியது.

1972 மே 22 இல் குடியரசு பிறந்தது. ஒற்றையாட்சி எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கப்பட்டது. 1956 இல் சாதாரண சட்டமாக இருந்த தனிச் சிங்களம் அரசியலமைப்புக்குள் ஏறியது. 29ஆம் பிரிவு காணாமல் போனது. அடிப்படை உரிமைகள் பட்டியலிடப்பட்டன. ஆனால் பழைய சட்டங்கள் அவற்றுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்றும், நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாதென அறிவிக்க முடியாது என்றும் கூடவே எழுதப்பட்டது. பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு அதற்கு முந்திய ஆண்டே நீக்கப்பட்டிருந்தது. கோடீஸ்வரன் தட்டிய கதவின் மேல் சுவர் எழுப்பப்பட்டாயிற்று.

ஏன் மாறினார்கள்?

துரோகம் என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடிப்பது எளிது. அது எதையும் விளக்காது.

ஒன்று, வாக்குக் கணக்கு. 1947 இல் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் பல மலையகத் தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு உதவின. அந்த வாக்குகள் பறிக்கப்பட்ட பின், ஆட்சிக்கு வர அவர்கள் சிங்கள வாக்காளரை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் வாக்கு போனால், அதற்காகப் பேசும் நண்பர்களும் மெல்ல மெல்லப் போய்விடுவார்கள்.

இரண்டு, நம்பிக்கை. நீதிமன்றம் மேட்டுக்குடியின் கோட்டை, மக்களின் நாடாளுமன்றத்தை அது தடுக்கக்கூடாது என்று அவர்கள் கருதினார்கள். சமத்துவப் பொருளாதாரம் வந்தால் இனப்பிரச்சினை தானாகத் தீரும் என்றும் எண்ணினார்கள். அந்த நாடாளுமன்றம் நாளை யாருடைய கையில் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

விடை விரைவில் வந்தது. 1975 இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் இரு இடதுசாரிக் கட்சிகளுக்கும் ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. ஜே.ஆர். ஜெயவர்தன ஆறில் ஐந்து பங்கு பலத்தோடு வந்து, 1978 இல் தனக்கு ஏற்ற அரசியலமைப்பை எழுதினார். 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு என்று வந்து, 1982 இல் நிரந்தரமானது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடந்ததை நம் வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 இல் மாகாண சபைகளை இவ்விரு கட்சிகளும் ஆதரித்தன. அதற்காக அவர்களின் தொண்டர்கள் பலர் உயிரைக் கொடுத்தனர்.

இன்றைக்கான கேள்விகள்

2024 இல் இன்னொரு இடதுசாரி மரபிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு மூன்று ஆசனங்கள் கிடைத்தன. புதிய அரசியலமைப்பு அதன் வாக்குறுதிகளில் ஒன்று. எல்லோரும் சமம் என்ற அதன் பேச்சை முழுப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கொல்வினும் 1956 இல் பொய் பேசவில்லை. பேசியவர் நேர்மையானவரா என்பதைவிட, அவர் மாறினாலும் மறைந்தாலும் எது மிஞ்சும் என்று பார்ப்பதே நமக்குப் பாதுகாப்பு.

ஆகவே வரைவு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாமா? 1972 இன் தடை 1978 அரசியலமைப்பிலும் தொடர்ந்தது. சட்டமூலமாக இருக்கும் சில நாட்களுக்குள் வழக்குப் போடாவிட்டால் வாய்ப்பு முடிந்தது. 2007 இல் மனு வென்றதற்குக் காரணம், வெளியேற்றம் நிர்வாக நடவடிக்கையாக இருந்தது. அதையே ஒரு சட்டமாக நிறைவேற்றியிருந்தால், மறுநாள் போய்த் தட்ட அந்தக் கதவு இருந்திருக்காது.

இரண்டாவது, ஒரு சமூகத்துக்குக் கொடுக்கப்படும் காவலை அச்சமூகத்தின் சம்மதம் இல்லாமல் நீக்க முடியுமா? மூன்றில் இரண்டு பங்கு பலம் மட்டும் போதுமென்றால், ஒரு தேர்தல் அலை போதும்.

மூன்றாவது, கொடுக்கப்பட்ட அதிகாரத்தைத் தேர்தல் வைக்காமலே முடக்க முடியுமா? வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும், நிறைவேறாத எல்லை நிர்ணயமும் தேர்தலை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போதுமாக இருந்தன. 13ஆம் திருத்தத்தில் ஒரு சொல்லையும் யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த மூன்றுக்கும் வரைவில் எழுத்தில் விடை இருக்கிறதா என்று பார்ப்போம். மேடையில் சொல்லப்படும் விடையை 1956 இலேயே கேட்டுவிட்டோம்.