உங்களுக்குத் தெரியுமா? ஏற்காட்டுக் குளிரை அளக்க 1.1 வோல்ட் போதும்!

சென்சாரை மாற்ற வேண்டாம், சிப்பையும் மாற்ற வேண்டாம். ஒப்பு மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால், அர்டுயினோ ஊனோ மின்னணுப் பலகை வெப்பநிலையை நாலரை மடங்கு நுணுக்கமாக அளக்கும்.

• எல்எம்35 சென்சார் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் 30 டிகிரி அடித்தாலும் வருவது 0.3 வோல்ட்தான்.

• ஊனோ வழக்கமாக 5 வோல்ட்டை ஒப்பு மின்னழுத்தமாகக் கொண்டு அதை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. 0.3 வோல்ட்டுக்குக் கிடைப்பவை 61 படிகளே. ஒரு படிக்கு அரை டிகிரி. பனி இறங்கும் அதிகாலையை அளக்க இது மிகவும் முரடு. சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாறினால் 279 படிகள். நிரலில் ஒரு வரி போதும்!

• அந்த 5 வோல்ட் வருவது யூஎஸ்பி மின்சாரத்திலிருந்து. அது 4.7 வோல்ட்டாக இறங்கினால், 5 வோல்ட் கணக்கில் 25 டிகிரி 26.6 ஆகத் தெரியும். 1.1 வோல்ட் அப்படி ஆடாது. ஆனால் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை வேறுபடலாம். ஒருமுறை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.