வண்ணத்துப்பூச்சி மீன் வளர்க்கப் போறீங்களா?



போன கோடை லீவில் எங்க சித்தப்பா போட்ட கூட்டில் ரெண்டு வண்ணத்துப்பூச்சி மீன் மாட்டியது. வெள்ளை உடம்பில் எட்டுக் கறுப்புக் கோடு. மேலே படம் வரைந்திருக்கிறேன், நிஜத்தில் இதைவிட ரொம்ப அழகு. கெஞ்சி வாங்கி, கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணி ஊற்றி விட்டேன். இறால் போட்டேன், மீன் துண்டு போட்டேன், சோறு கூடப் போட்டேன் (சிரிக்காதீங்க). எதையும் தொடவே இல்லை. ஒன்பதாம் நாள் ஒன்று செத்தது. மறுநாள் இன்னொன்று.

அப்புறம் டீச்சரிடம் கேட்டும், புத்தகம் பார்த்தும்தான் விஷயம் புரிந்தது. வண்ணத்துப்பூச்சி மீனில் சுமார் 130 இனங்கள் உண்டு. அதில் சிலது பவளப்பாறையில் இருக்கும் சின்னச் சின்ன பவள உயிர்களை மட்டும்தான் தின்னும். எட்டுக்கோடன் அந்த ஜாதி. வேறு என்ன கொடுத்தாலும் பட்டினி கிடந்து செத்துப்போகும். சரி, பவளத்தை எடுத்து வந்து போடலாமே என்றால் அதுவும் முடியாது. 2001 முதல் நம் நாட்டில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

அதனால் அழகைப் பார்த்து வாங்கவே கூடாது. முதுகில் வெள்ளைக் கொடி மாதிரி நீண்ட துடுப்பு உள்ள மீன், வால் சிவந்து கண்ணுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை உள்ள மீன், இந்த ரெண்டும் இறால், மட்டி எல்லாம் தின்னப் பழகும். கடையில் வாங்கினால், "நான் பார்க்க இரை போடுங்க" என்று கேளுங்கள். தின்னாவிட்டால் வாங்காதீங்க. தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால் பல நாள் பட்டினி என்று அர்த்தம். புதுசா வந்த மீன் அடம் பிடித்தால், மட்டியைப் பிளந்து ஓட்டோடு போட்டால் கொத்திப் பார்க்கும்.

நான் செய்த இன்னொரு தப்பு தொட்டி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் வளரவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீன் விடக்கூடாது. தொட்டியும் 400 லிட்டராவது வேண்டும், ஏன்னா கொடித்துடுப்பு மீன் 25 செ.மீ. வரை வளரும். தண்ணி வற்றினால் கடல் தண்ணி ஊற்றாதீங்க, நல்ல தண்ணிதான் ஊற்றணும். தண்ணிதானே ஆவியாகுது, உப்பு அப்படியே இருக்குமே!

இப்போ கூட்டில் எட்டுக்கோடன் வந்தால் சித்தப்பா அங்கேயே கடலில் விட்டுடறார். என் தொட்டி திண்ணையில் இருக்கு. அம்மா அதில் வெங்காயம் போட்டு வெச்சிருக்காங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி