கிணற்று மேடும் பந்தய மேடையும்

கோடை விடுமுறையில் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்றால், பாசனக் கிணறுகளில் சிறுவர்கள் ‘டைவ்’ அடிப்பதைக் காணலாம். கிணற்று மேட்டிலிருந்து உயர எழும்பி, தலைகீழாக நீருக்குள் மறைவார்கள். இவர்களுள் ஒருவன் சென்னை வேளச்சேரி நீச்சல் குளத்தில் பந்தயத்துக்கு நின்று, இதே பாய்ச்சலைப் பாய்ந்தால் என்ன ஆகும்? பிந்திவிடுவான்! ஏன்?

கிணற்றில் வேகம் தருவது புவியீர்ப்பு. நீர்மட்டம் 5 மீட்டர் கீழே இருப்பதாகக் கொள்வோம். 2, 9.8, 5 ஆகியவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வேகம் கிடைக்கும். ஆனால் இது கீழ்நோக்கிய வேகம்.

பந்தய மேடையோ நீர்மட்டத்திலிருந்து 50 முதல் 75 சென்டிமீட்டர் உயரமே. இங்கு வேண்டியது முன்னோக்கிய வேகம். அதைக் கால்கள்தாம் தரவேண்டும். கால் மேடையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மேடை நீச்சல்காரரை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே.

மட்டமான தளத்தில் பின்னோக்கி உதைத்தால் கால் வழுக்கும். உராய்வு ஓரளவுக்குத்தான் தாங்கும். ஆகவே ஒரு காலின் விரல்கள் மேடையின் முன் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. 2010ஆம் ஆண்டு வாக்கில் பன்னாட்டுப் போட்டிகளுக்கு வந்த மேடைகளில், மற்றக் காலை உதைத்துக்கொள்ளப் பின்புறம் ஒரு சாய்வுப் பலகையும் உண்டு. நீங்களும் சோதித்துப் பாருங்கள்: மணல் தரையில் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை தாவுங்கள். பிறகு ஒரு காலைச் சுவரின் அடியில் உதைத்துத் தாவுங்கள். எது தூரம்?

2009இல் பிரேசிலின் சீசர் சியலோ 50 மீட்டரை 20.91 வினாடியில் நீந்தினார். சராசரி வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர். மேடையை விட்டுத் தாவும் வேகமோ 4 மீட்டருக்கும் மேல்! அதை நீர் பறித்துவிடாமல், கை நுழைந்த துளை வழியே தலையும் உடலும் காலும் நுழைய வேண்டும். மிக உயர எழும்பினால் செங்குத்தாக விழுந்து ஆழம் போய்விடுவோம். மீண்டு வருவதற்குள் மற்றவர் முந்திவிடுவர்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வினாடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். சென்ற ஆண்டு நிறைந்திருந்த கிணற்றில் இவ்வாண்டு பாறை மேலே வந்திருக்கலாம். அந்த வேகத்தில் தலை பாறையில் மோதினால் கழுத்தெலும்பு முறியும். கைகால்கள் வாழ்நாள் முழுதும் செயலிழக்கலாம். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயாதீர்கள். முதலில் படி வழியே இறங்கி ஆழம் பாருங்கள்.