ஸ்கேனில் நீர்க்கட்டியா? காலண்டரையும் பாருங்கள்!

திருவொற்றியூரோ எண்ணூரோ, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நீர்க்கட்டி’ என்று பார்த்ததும் மகளைவிட அம்மாதான் அதிகம் கலங்குகிறார். “நாளைக்குக் குழந்தை பிறக்குமா?”

உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். ஸ்கேனை மட்டும் வைத்து பி.சி.ஓ.எஸ் என்று சொல்லிவிட முடியாது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் ரோமம், பரு என ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம், ஸ்கேனில் மாற்றம்... மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறும் இல்லை என்று உறுதியாக வேண்டும். வளரிளம் பருவப் பெண்களுக்கு, இதைக் கண்டறிய ஸ்கேனே வேண்டாம் என்கிறது 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்.

ஆனால், 90 நாள்கள் தாண்டியும் மாதவிலக்கு வரவில்லையென்றால், ‘கல்யாணமானா சரியாயிடும்’ என்று விடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துவிடலாம். சர்க்கரை நோய் ஆபத்தும் உண்டு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் அரசு மருத்துவமனை பிரசவத்துக்கு மட்டுமல்ல, மகளிர் நோய்களுக்கும்தான்.

எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. அதற்காகக் காசிமேட்டு மீனை நிறுத்த வேண்டாம். வறுவலுக்குப் பதில் குழம்பு, சோற்றில் ஒரு கரண்டி குறைவு, தினமும் நடை. அம்மாவின் கேள்விக்குப் பதில்: சிகிச்சையோடு பெரும்பாலானோர் தாயாகிறார்கள்.