கடலடியில் ஒரு பார்: மீனவர் அறிவும் விஞ்ஞானமும்

'பார்' என்றால் உலகம், பூமி என்று பொருள் சொல்லிவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கடலுக்கு அடியில் மேடாக நிற்கும் கல்தரைக்குப் பெயர் பார். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் இடத்தை முத்துப்பார் என்றார்கள். பொழியூரிலிருந்து வர்க்கலை வரை உள்ள திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் மலையாளம் பேசினாலும் 'பாரு' என்றுதான் சொல்கிறார்கள். எல்லை தாண்டி நீரோடி, தூத்தூர்ப் பக்கம் போனாலும் அதே சொல்தான்.

சமணக் குடும்பத்தில் பிறந்து, மீன் வாசனையே அறியாமல் அறுபதைத் தாண்டிய பாத்திர வியாபாரிக்கு மீன் பாரைப் பற்றி என்ன கவலை என்று சாலைக் கடைத்தெரு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கடலில் மீன் இருக்க வேண்டும் என்று நினைக்க மீன் தின்ன வேண்டிய அவசியம் இல்லையே! தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. நத்தையும் சிப்பியும் ஈரறிவு, நண்டு நாலறிவு. இந்த உயிர்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ்க் குடித்தனம் செய்யும் இடம் பார். அதனால்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

பார் எப்படி உயிர் பெறுகிறது?

வெறும் மணல்தரையில் ஒரு கல்லைப் போட்டால் முதலில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் படிகிறது. அடுத்துப் பாசி. பாசிக்குப் பின் கொட்டலசு, சிப்பி முதலியவை ஒட்டிக்கொள்கின்றன. இவற்றை மேய நத்தையும் நண்டும் சிறு மீன்களும் வருகின்றன. சிறு மீனைத் தேடிக் கலவா போன்ற பெரிய மீன்கள் வருகின்றன. கணவாய் முட்டையை ஒட்டி வைக்கவும் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் இடுக்கு கிடைக்கிறது. மணல்தரையில் இந்த வசதி கிடையாது.

விழிஞ்ஞத்தில் ஒரு பெரியவர் இதை எனக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "மொதலாளி, வீடு இல்லாத ஊர்ல ஆளு தங்குமா? மீனும் அதே மாதிரிதான். கல்லு கெடந்தா குடியிருக்கும், இல்லேன்னா வழிப்போக்கன்தான்."

இந்தப் பார்களை அவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் வியப்பு. கரையில் தெரியும் கோயில் கோபுரம், தேவாலயம், மலை உச்சி, உயரமான தென்னை இவற்றில் இரண்டிரண்டை ஒரே நேர்கோட்டில் வரும்படி பார்ப்பார்கள். அப்படி இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் பார் இருக்கும். இதைக் 'கணிச்சம்' என்கிறார்கள். அப்பன் மகனுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த கணக்கு இது.

இழுவை வலையும் போராட்டமும்

1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு இறால் ஏற்றுமதிக்கு நல்ல விலை கிடைக்கவே, விசைப்படகுகள் பெருகின. கடலடியை வழித்துச் செல்லும் இழுவை வலை மீன், குஞ்சு, முட்டை, சிப்பி எதையும் விட்டுவைப்பதில்லை. கட்டுமரக்காரர்களின் பார்களும் அடிபட்டன.

1980இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்று 1980களில் மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். பாதிரியார் தாமஸ் கோச்சேரி போன்றோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டங்களில் உண்ணாவிரதமும் மறியலும் நடந்தன. அரசு ஒன்றன்பின் ஒன்றாக நிபுணர் குழுக்களை அமைத்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடிக்கடலின் சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வருகிறது. பல மீன்கள் இனம் பெருக்கும் பருவமும் அதுதான். ஆகவே அந்தக் காலத்தில் இழுவை வலைக்குத் தடை வேண்டும் என்ற கோரிக்கை 1988இல் நிறைவேறியது. 1994இல் உச்ச நீதிமன்றமும் அரசின் அதிகாரத்தை உறுதிசெய்தது. 2018 முதல் கேரளத்தில் இந்தத் தடை 52 நாள். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 நள்ளிரவு வரை.

தாங்களே கட்டிய பார்

அரசு முடிவுக்குக் காத்திருந்த அதே 1980களில் வலியதுறை முதலிய ஊர்களின் மீனவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். கிணற்று உறை, பழைய டயர், தென்னை மரத்தடி, கருங்கல் என்று கைக்குக் கிடைத்ததைக் கட்டுமரத்தில் ஏற்றிப் போய், கணிச்சம் பார்த்துக் கடலில் இறக்கினார்கள். இது மீனுக்கு வீடு. இழுவை வலைக்கோ தடைக்கல். வலை மாட்டினால் கிழியும் என்று விசைப்படகு அந்தப் பக்கம் வராது. தூண்டில்காரனுக்கு மட்டும் அங்கே தொழில் உண்டு. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பேராசிரியர் ஜான் குரியன் இம்முயற்சிகளை ஆராய்ந்து உலகறிய எழுதினார்.

ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகச் செயற்கைப் பார் உண்டு. நம் நாட்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று கான்கிரீட் கூடுகளை வடிவமைத்திருக்கிறது. அதன் தொழில்நுட்ப உதவியோடு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 42 மீனவ ஊர்களுக்கு ஊருக்கு 150 வீதம் 6,300 கூடுகளை இறக்கும் திட்டத்துக்கு ஏறத்தாழ 13 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அன்று கிணற்று உறையில் தொடங்கியது இன்று அரசுத் திட்டமாக நிற்கிறது.

முதலும் வட்டியும்

இங்கே ஒரு வியாபாரியின் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். பார் மீனைப் பெருக்குகிறதா, அல்லது வேறெங்கோ இருந்த மீனை ஓரிடத்தில் கூட்டுகிறதா? விஞ்ஞானிகளும் நெடுங்காலமாக விவாதிக்கும் கேள்விதான் இது. குடோனில் இருந்த சரக்கைக் கடை வாசலில் அடுக்கினால் இருப்பு கூடிவிடுமா? வாங்குகிறவனுக்கு எடுப்பது சுலபமாகும், அவ்வளவுதான். ஓரிடத்தில் கூடிய மீனைக் கட்டுப்பாடின்றி அள்ளினால், பார் இருந்தும் கடல் சீக்கிரம் காலியாகும். வட்டியில் பிழைக்கிறவன் நிலைப்பான். முதலைத் தின்கிறவன் நிலைக்க மாட்டான்.

எனவே கல்லைப் போடுவதோடு கடமை தீராது. எந்தப் பாரில் யார், எந்த முறையில், எவ்வளவு பிடிப்பது என்று ஊர் கூடி முடிவுசெய்ய வேண்டும். ஆண்டுதோறும் இருப்பு எடுத்துக் கணக்குச் சொல்ல வேண்டியது விஞ்ஞானம். கேரளம் 2015இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை விதித்தது. பின்னர் அது 58 வகையாக விரிந்தது. மத்தி 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது. குஞ்சு ஒருமுறையாவது முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதே இதன் நோக்கம்.

இன்றைய ஆபத்து

பாருக்கு இன்றைய பகை இழுவை வலை மட்டுமல்ல. அறுந்துபோன நைலான் வலை பாரில் சிக்கிக்கொண்டு, ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் உயிர்களைக் கொல்கிறது. மீனவர் சமூகத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' அமைப்பினர் முக்குளித்துப் போய் இந்தக் கரையின் பார்களைப் படம் பிடித்துப் பதிவுசெய்து வருகிறார்கள். கணிச்சம் தெரிந்தவர் கையில் கேமராவும் இருப்பது நல்ல சேர்க்கை.

2017இல் நீண்டகரையில் 'சுசித்வ சாகரம்' என்ற திட்டம் தொடங்கியது. வலையில் அகப்படும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் திரும்பக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அதைத் துண்டாக்கிச் சாலை போடப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரை வரை வந்து ஒதுங்கின. மணலிலிருந்து அவற்றைச் சலித்து எடுக்க வேண்டியதாயிற்று. மீனவர் பல நாள் சேர்த்த நன்மையை ஒரு கப்பல் ஒரே நாளில் கெடுத்துவிடக்கூடும் என்பதற்கு இது சாட்சி.

ஊர்விட்டு வந்து இந்தக் கரையில் பிழைக்கும் நாமும் இதில் பங்காளிகளே. ஆடி அமாவாசைக்குச் சங்குமுகத்தில் தர்ப்பணம் செய்யப் போகும்போது பூவையும் எள்ளையும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய்ப் பையையும் சேர்த்து அலையில் விட்டுவருகிறோம். வாழையிலையில் கட்டிப் போனால் என்ன குறைந்துவிடும்? மீன் வாங்கும் வீட்டார், விரல் நீளக் குஞ்சு மீனைக் கூடையில் கண்டால் "வேண்டாம்மா" என்று சொல்லிவிடலாம். வாங்க ஆள் இல்லாத சரக்கு மறுநாள் சந்தைக்கு வராது. இது நாற்பது வருஷம் கடை நடத்தியவன் அனுபவத்தில் சொல்வது.